படத்தின் மூலையில் ஒரு கட்டைவிரல்

மதினி,

இன்று காலை போனில் ஒரு படம் வந்தது. மழை பெய்துகொண்டிருக்கும் ஒரு பஸ் ஸ்டாப். கண்ணாடித் தடுப்பு, நீளமான ஒரு பெஞ்சு, அதன் ஓரத்தில் பச்சை மழைக்கோட்டு போட்ட ஓர் அம்மாள், அவர் காலடியில் நனைந்துபோன நாய். படத்தின் கீழ் மூலையில், பழுப்பாகக் கலங்கித் தெரியும் ஒரு கட்டைவிரல். எடுத்தவர் விரல் விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். அந்த விரலைப் பார்த்ததும்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அது எந்த பஸ் ஸ்டாப் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்களும் என்னை இப்படித்தானே காக்கவைப்பீர்கள். படத்தை அனுப்பி, "இது எங்கனன்னு சொல்லு பாப்போம்" என்று எழுதிவிட்டு டியூட்டிக்குப் போய்விடுவீர்கள். நான் நாளெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டு கிடப்பேன்.

நான் உட்கார்ந்திருக்கிற அறை உங்களுக்குத் தெரிந்ததுதான். அனுமந்தன்பட்டியில் நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் தெற்கு அறை. அத்தையின் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது. ஜன்னல் வழியே சந்து தெரியும், அடுத்த வீட்டுச் சுற்றுச்சுவர் தெரியும், கரண்டுக் கம்பத்தில் பாதி தெரியும். அத்தைக்கு வலது கையும் காலும் விழுந்த நாளிலிருந்து அவருக்கும் எனக்கும் உலகம் இவ்வளவுதான். விடிவதற்கு முன்பே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகும். கூலிக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட ஒரு கிறுக்கி வேண்டுமென்றால் அது நான்தான். நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்து இடுப்பொடிந்துதான் திரும்புகிறார்கள். ஆனாலும் கூடலூரைத் தாண்டி, மலையேறி, இன்னொரு மாநிலத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நான் கடைசியாகப் போன வெளியூர் கம்பம், அதுவும் பல் பிடுங்க.

அத்தைக்கு முடியாமல் போனபோது நீங்கள் மஸ்கட்டில் நர்ஸ். லீவு போட்டு ஓடிவந்தீர்கள். அவரை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். லீவு முடிந்து பெட்டியைக் கட்டியபோது எனக்கு வந்த ஆத்திரம் உங்களுக்கு நினைவிருக்கும். "சம்பளத்துக்கு ஊரான் ஆத்தாளுக்குப் பீ மூத்திரம் அள்ளப் போறீக. ஒங்க ஆத்தாளுக்கு நான் அள்ளணும்" என்று நேருக்கு நேரே கேட்டேன். உங்கள் தம்பி என்னை அடக்கப் பார்த்தார். நீங்கள்தான் அவரைத் தடுத்து, "அவ சொல்றது நெசந்தானலே, விடு" என்றீர்கள். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன மறுநாளே படம் வந்தது. பெரிய மசூதி ஒன்று, பளபளவென்று. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. இதெல்லாம் காலண்டரிலேயே இருக்கிறது, நீங்கள் எங்கே துணி காயப்போடுகிறீர்கள் என்று காட்டுங்கள் என்று எழுதிவிட்டேன். அதையும் எடுத்து அனுப்பினீர்கள். மொட்டைமாடியில் யார் யாருடைய துணிகளோ, நடுவே உங்கள் வெள்ளை உடுப்பு. மூலையில் உங்கள் கட்டைவிரல். படம் எடுக்க உங்களுக்குக் கடைசிவரை வரவில்லை. எந்தப் படத்திலும் அந்த விரல் வந்து குந்திக்கொள்ளும்.

அப்படித் தொடங்கியதுதான். மஸ்கட்டில் கடை வாசலில் தூங்கும் தையல்காரர், ரொட்டிக்கு வரிசை நிற்கும் ஆட்கள். பிறகு டப்ளினில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனீர்கள். அங்கிருந்து, துணி வெளுக்கும் கடையில் மெஷின் முன்னால் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் கிழவர், குப்பைப் பையைக் கிழித்துத் தின்னும் பெரிய வெள்ளைப் பறவை. அங்கன காக்காயெல்லாம் வெள்ளையாவா இருக்கு என்று அத்தை கேட்டார். உங்களோடு நர்ஸிங் படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து 'இன்னைக்கு எங்க தெரு' என்று போனில் ஒரு குரூப் வைத்திருந்தீர்களே, அதில் வருவதையும் தள்ளிவிடுவீர்கள். டொராண்டோவில் காரின் மேலிருக்கும் பனியைச் சுரண்டும் ஆள், மெல்போர்னில் டிராமுக்குள் கிதாரைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் பையன், துபாயில் சைக்கிளில் தண்ணீர்க் கேன் கொண்டுபோகிறவர். கோபுரம் கூடாது, கட்டடம் கூடாது, உங்கள் மூஞ்சியும் கூடாது என்பது குரூப்பின் சட்டம். அந்தச் சட்டம் என்னிடமிருந்து நீங்கள் எடுத்துப்போனது என்று பிறகுதான் தெரிந்தது.

அத்தைக்கு அது ஒரு நேமமாகவே ஆகிவிட்டது. சாயங்காலம் முகம் துடைத்து, தலையணையில் சாய்த்து உட்காரவைத்ததும் படம் வேண்டும். முதலில் விரல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இருந்தால், நல்ல கையால் அதைத் தொட்டு, கோயிலில் மாதா சொரூபத்தைத் தொட்டு முத்தி செய்வதுபோல விரல் நுனியை உதட்டில் வைத்துக்கொள்வார். விரல் இல்லாத படம் என்றால் அது சிநேகிதிகளுடையது. அதையும் பார்ப்பார், ஆனால் முத்தி கிடையாது.

கடைசியாக வந்திருந்தபோது என்னைப் பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னீர்கள். எதற்கு என்றேன். "எடுத்து வையி அமலி. சும்மா பீரோவுல கெடக்கட்டும், சோறா கேக்கப் போகுது" என்றீர்கள். பிறகு எடுத்தும் வைத்தேன். அன்று இன்னொன்றும் சொன்னீர்கள். நான் உங்களை வானத்தில் பறக்கிற ஆளைப்போலப் பார்க்கிறேனாம், அப்படிப் பார்க்கக்கூடாதாம். "அங்கனயும் ஒரு ரூமு, ஒரு கட்டிலு, ஒரு ஆத்தாதான். பஸ்ஸுல போறப்ப வாறப்பத்தான் இந்தப் படமெல்லாம்." நான் நம்பவில்லை. நம்ப எனக்கு இஷ்டமும் இல்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. டியூட்டியில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். உங்களோடு படித்து, அங்கேயும் உங்கள் கூட வேலை பார்த்த ஸ்டெல்லாதான் பேசினார். உங்கள் தம்பி காய்கறி லோடு இறக்கக் கோட்டயம் போயிருந்தவர், வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். வந்ததும் முதலில் சொன்னது, அம்மாவுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் தாங்காது என்பதுதான். உங்களை இங்கே கொண்டுவந்தால் மறைக்க முடியாது. அதனால் அங்கேயே அடக்கம் என்று முடிவானது. யாரும் என்னைக் கேட்கவில்லை, மதினி. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை. சந்துமுனையில் ஃபிளெக்ஸ் வைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களைச் சந்து திரும்புகிற இடத்திலேயே நிறுத்தி, அழுதுவிட்டுப் போகச் சொல்லி அனுப்பினார் உங்கள் தம்பி. உங்கள் அடக்கத்தை நாங்கள் இரண்டு பேரும் மாட்டுத் தொழுவத்தில் நின்று போனில் பார்த்தோம், சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவைத்து. சாமியார் வாயசைப்பது தெரிந்தது, அங்கே எல்லாரும் பாடுவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து அத்தை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். இன்னைக்குப் போட்டோ வரலையா என்றார்.

உங்கள் தம்பிக்கு வண்டி இருக்கிறது, ரோடு இருக்கிறது. அழ வேண்டுமென்றால் மலைமேல் எங்காவது ஓரங்கட்டி அழுதுகொள்ளலாம். பொய்யையும் அத்தையையும் என்னையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுவதற்குக் குளியலறைதான். அதிலும் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் அழ வேண்டும்.

முதலில் உங்கள் பழைய படங்களையே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். படுத்தே கிடப்பவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். "இது போன மழைக்கு வந்த படமுல்ல, இந்தக் கெழவருதான் புத்தகம் படிப்பாரு" என்றார். அதோடு அந்த வழி அடைபட்டது. அதனால் ஸ்டெல்லாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை உங்கள் குரூப்பில் சேர்த்துவிட்டார். பார்க்கிறவர்கள் அனுப்பவும் வேண்டும் என்பதும் அங்கே சட்டமாம். என்னிடம் என்ன இருக்கிறது? ஜன்னல் வழியே தெரிகிற சுவரை எடுத்து அனுப்பினேன். டொராண்டோக்காரர் உடனே, சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பது முருங்கையா, பூத்திருக்கிறதே, இன்னொரு படம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். என் ஜெயிலைப் பார்த்து ஏங்குவதற்கும் ஒரு ஆள் இருக்கிறதே என்று எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அனுப்பினேன்.

இப்படிப் புதுப் படங்கள் கிடைத்தன. சிநேகிதிகள் அனுப்பினது என்று சொல்லிச் சொல்லிக் காட்டினேன். ஒவ்வொரு படத்திலும் அத்தையின் கண் மூலைக்குப் போய்விட்டுத் திரும்பும். ஒன்றும் கேட்கமாட்டார். நான் போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

உங்கள் முப்பதாம் நாள் பூசை வந்தது. நம் கோயிலிலேயே உங்கள் தம்பி ஏற்பாடு செய்தார். அடுத்த தெரு வரைக்கும் போவதாக அத்தையிடம் சொல்லிவிட்டு நானும் போனேன். திரும்பி வந்தபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். தலைவலி, கஞ்சி வேண்டாம் என்றார். தைலம் தேய்த்துவிட்டேன். சாயங்காலம் வழக்கம்போல உட்காரவைத்தபோது, "இன்னைக்கு எந்த ஊரு" என்று கேட்டார். அதுவரை அப்படிக் கேட்டதில்லை. போட்டோ வந்ததா என்றுதான் கேட்பார். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

விரல் இல்லாமல் இனி ஓட்ட முடியாது என்று தோன்றியது. ஒரு மத்தியானம், அத்தை தூங்கும்போது ஒரு வேலை செய்தேன். மெல்போர்னில் காய்கறிக் கடை வாசலில் பூ விற்கிற ஒரு பெண்ணின் படம் வந்திருந்தது. அதை உங்கள் தம்பியின் பழைய போனில் திறந்துவைத்து, மூலையில் என் கட்டைவிரலை வைத்து, என் போனால் படம் பிடித்தேன். இவ்வளவு நாள் இது தோன்றவில்லையே என்று என்னையே மெச்சிக்கொண்டேன். சாயங்காலம், "இந்தாங்க அத்த, மதினி எடுத்தது" என்று கொடுத்தேன்.

அத்தை வெகுநேரம் பார்த்தார். விரலைத் தொட்டார், ஆனால் உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. போனை மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். வடுகபட்டியில் பிறந்து, பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே பூண்டு உரித்து உரித்து என் கட்டைவிரல் நகம் தட்டையாகி, நடுவில் கோடு விழுந்து கிடப்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டை அவர் தடவினார். படத்தில் அதே கோடு பளிச்சென்று தெரிந்தது. உங்கள் விரல் ஒருநாளும் அப்படித் தெளிவாக விழுந்ததில்லை, கலங்கித்தான் இருக்கும். அந்த ஒன்றை நான் யோசிக்கவே இல்லை.

"இது ஓன் வெரலு" என்றார் அத்தை. "நீ எப்படி ஆத்தா அம்புட்டுத் தூரம் போன?"

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவரே சொன்னார். "முப்பதாம் நாளு பூசையில உபதேசியாரு அவ பேர வாசிச்சாக. எனக்குக் கையும் காலுந்தான வெளங்கல, காதுமா போச்சு?"

கோயில் கோபுரத்தில் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கர், மதினி. பூசை தொடங்குவதற்கு முன்னால், இன்றைய பூசை யாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வாசிப்பார்களே, அது ஊர் முழுக்கக் கேட்கும். தினமும் கேட்டுக் கேட்டு, அது ஒரு சத்தம் என்பதே நமக்கெல்லாம் மறந்துபோயிருக்கிறது. மணியை நிறுத்தினோம், ஃபிளெக்ஸை நிறுத்தினோம், ஆட்களைச் சந்துமுனையில் நிறுத்தினோம். பிறகு நாங்களே போய் உங்கள் பேரை எழுதிக்கொடுத்து வாசிக்கவைத்துவிட்டு வந்திருக்கிறோம். கோயிலுக்குள் முழங்காலில் நின்ற எனக்கு, வெளியே குழாய் கத்துவது கேட்கவில்லை. உங்கள் அம்மா இங்கே தனியாக, தூக்கி உட்காரவைக்கக்கூட ஆளில்லாமல், அதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அத்தனை நாள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதது, கதை கட்டியது, ஒவ்வொரு படத்தையும் நெஞ்சு படபடக்கக் காட்டியது, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தீர்களா, அப்புறம் எதற்குத் தினமும் எந்த ஊரு எந்த ஊரு என்று கேட்டீர்கள் என்று கத்திவிட்டேன். இந்த வீட்டுக்கு வந்து நான் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான்.

அத்தை என் கையை விடவே இல்லை. "நான் கேக்கலேன்னா நீயும் பாக்க மாட்ட. அப்புறம் ரெண்டு பேரும் இந்தச் செவத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கணும். நான் கெடக்கலாம், எனக்கு விதிச்சது. ஒனக்கு என்ன?"

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் உங்களுக்காக அழுதோம். வாய்விட்டு, சந்தில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு. உங்கள் தம்பி வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார். அவர் அழுததையும் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். மறுநாள் பூசை முடிந்ததும் துக்க மணி அடிக்கச் சொன்னார் அத்தை. பிந்தி அடித்தால் என்ன, அடிக்கட்டும் என்றார். அடித்தார்கள்.

பொய் போய்விட்டது, மதினி. அறை அப்படியேதான் இருக்கிறது. புரட்டிப் படுக்கவைப்பதும், துடைப்பதும், கஞ்சி ஆற்றுவதும் அப்படியேதான் இருக்கின்றன. அத்தை நல்ல மனுஷி என்று தெரிந்துவிட்டதால் எனக்குக் கதவு திறந்துவிடவில்லை. இன்னும் சொன்னால், முன்பு அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டாவது இருக்கலாம். இப்போது அதுவும் இல்லை. நீங்கள் அங்கே ஓர் அறையில் ஒரு ஆத்தாளோடு கிடந்தேன் என்று சொன்னதை இப்போதுதான் நம்புகிறேன். உங்களுக்கு வாய்த்தது அந்த பஸ் ஜன்னல். அதில் பாதியை எங்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

போன வாரம் அத்தை திடீரென்று, அவளை எங்கன வச்சிருக்காக என்று கேட்டார். ஊருக்கு வெளியே ஒரு கல்லறைத் தோட்டம் என்றேன். ஸ்டெல்லாவிடம் கல்லறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "கல்லறை வேணாம், அதை நான் பாக்க மாட்டேன். அந்தத் தெருவைக் காட்டச் சொல்லு. வெளிய என்ன இருக்கு, பஸ்ஸு நிக்குமா, ஆளு நடமாட்டம் இருக்கான்னு பாக்கணும்" என்றார்.

இன்று காலை வந்தது அதுதான். நீங்கள் இருக்கிற தோட்டத்துக்கு நேர் எதிரே உள்ள பஸ் ஸ்டாப். ஸ்டெல்லா டியூட்டி முடிந்து, மழையில் நனைந்துகொண்டு போய் எடுத்திருக்கிறார்.

சாயங்காலம் வரை காத்திருக்கப் பொறுக்காமல் உடனே அத்தையை உட்காரவைத்துக் காட்டினேன். மழைக்கோட்டு அம்மாளைப் பார்த்தார். நாய்க்குக் குளிராதா என்று கேட்டார். மூலையிலிருந்த விரலைப் பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்டார். சொன்னேன். முகம்கூடப் பார்த்திராத அந்தப் பிள்ளையின் விரலைத் தொட்டு முத்தி செய்தார். பிறகும் படத்தைக் கீழே வைக்கவில்லை.

"பெஞ்சுல இன்னும் ஒரு ஆளு ஒக்கார எடங் கெடக்கு" என்றார்.

ஆமாம் என்றேன்.

"பாஸ்போட்டு பீரோவுலதான கெடக்கு?"

அவரை விட்டுவிட்டு நான் எங்கே போவது என்று கேட்டேன். இப்போது யார் போகச் சொன்னது, எனக்குப் பிறகு போ என்றார், மழை நின்றதும் துணியை எடுத்துப் போடு என்று சொல்லுகிற குரலில். போக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை இருக்கிறது, மதினி. அந்த ஆசை நிறைவேற எது நடக்க வேண்டும் என்பதும் தெரிகிறது. அது நடந்துவிடக்கூடாதே என்றும் அதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அந்தக் கட்டிலைச் சுற்றி நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தை அதுவரையிலும் அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"ஈரமா இருக்கும் ஆத்தா. தொடச்சிட்டு ஒக்காரு."